எந்த மாசம் போகிறீர்கள்?

கோடை விடுமுறை நெருங்கினால் எங்கள் ஆபீசில் யாராவது ஒருவர் என் மேசைக்கு வந்துவிடுவார். "நீ வால்பாறைக்காரிதானே, பிள்ளைகளுக்குக் காட்டு மிருகம் காட்டணும், எங்கே போகலாம்?" நான் இடம் எதுவும் சொல்வதற்கு முன்னால் ஒன்றைத்தான் கேட்பேன். எந்த மாசம் போகிறீர்கள்?

முதுமலை, டாப்சிலிப், தேக்கடி என்று எல்லோருக்கும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. எல்லாமே நல்ல காடுகள்தான். ஆனால் அந்தக் காடுகள் பெரியவை. வேனில் ஏறி முக்கால் மணி நேரம் சுற்றிவிட்டு, புள்ளிமானையும் மயிலையும் மட்டும் பார்த்துத் திரும்பியவர்கள் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனி வேண்டும், தினமும் தண்ணீர் வேண்டும். அது எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் அது நிற்கும். வேன் போகிற பாதையில் வந்து நிற்க வேண்டும் என்று அதற்கு எந்த அவசியமும் இல்லை. அதனால் விலங்கு பார்க்க நல்ல இடம் எது என்று கேட்டால், இந்தப் பருவத்தில் அதன் சாப்பாடும் தண்ணீரும் எங்கே இருக்கிறதோ அந்த இடம்தான் என்று சொல்வேன். இடத்தின் பெயர் அதற்கு அப்புறம்தான்.

இதை நான் அம்மாவிடமிருந்து கற்றுக்கொண்டேன். அம்மா வால்பாறையில் கொழுந்து பறித்தவர். நாங்கள் எஸ்டேட் லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில் இருந்தோம். பலா பழுக்க ஆரம்பித்தால் வாசனைக்கு யானை வரும் என்று அம்மா இருட்டுவதற்குள் எங்களை வீட்டுக்குள் கூப்பிட்டுவிடுவார். வீட்டுப் பக்கம் பழுத்த பலாவை மரத்தில் விட்டுவைக்கக் கூடாது என்பார். அத்தி மரம் காய்த்தால் "இனி இருவாச்சிப் பறவை வரும், பாரு" என்பார். வந்துவிடும். அம்மா எந்தக் காட்டுப் புத்தகமும் படித்ததில்லை. எந்த மரம் எப்போது பழுக்கும் என்று தெரிந்து வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வால்பாறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே வந்தால், எங்கு பார்த்தாலும் தேயிலை. ஒரு காலத்தில் முழுக்க மழைக்காடாக இருந்த மேட்டுநிலம் இது. 1890களில் தொடங்கி வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். நடுவில் தேயிலை, தேயிலைக்கு நடுவே ஆற்றோரங்களிலும் மேடுகளிலும் வெட்டாமல் விட்ட துண்டுக் காடுகள். இந்தத் துண்டுகள்தான் விஷயமே. பகலில் யானைக்கூட்டம் நடு ஆறு என்கிற ஆற்றை ஒட்டிய அந்த மரங்களுக்குள் நின்றுகொள்ளும், சாயங்காலத்துக்கு மேல் தேயிலையைக் கடந்து அடுத்த துண்டுக்கு நகரும். தேயிலையை யானை தின்பதில்லை. அதற்கு அது வெறும் பாதைதான்.

யானையைப் பார்க்க வேண்டுமென்றால் எதிர்ச் சரிவில் நின்று பார்ப்பதுதான் சரி. நடுவில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கட்டும். குட்டியை நடுவில் விட்டுக் கூட்டம் தேயிலை வரிசைகளுக்கு இடையே இறங்குவதைப் பைனாகுலரில் அரைமணி நேரம் நிம்மதியாகப் பார்க்கலாம். அதுவும் நம்மைப் பொருட்படுத்தாது. கிட்டே போனால் அந்த அரைமணி நேரம் கிடைக்காது, உயிருக்கும் ஆபத்து. வால்பாறையில் சில உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை இருந்தால் அந்த விளக்கு எரியும், மக்களின் செல்போனுக்குக் குறுஞ்செய்தியும் வரும். நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பும் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு இது. அந்தப் பணிக்காக அந்த அமைப்பின் ஆய்வாளர் ஆனந்தகுமார் 2015இல் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான விட்லி விருது பெற்றார். வேலை முடிந்து இருட்டில் லயனுக்கு நடந்து போகிறவர்களுக்காக வைத்த விளக்கு அது. சுற்றுலா வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு "அங்கேதான் யானை இருக்கு, வா போலாம்" என்று வண்டியைத் திருப்பினால் எனக்குக் கோபம் வரும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அப்புறம் சோலைமந்தி. சிங்கவால் குரங்கு என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். உடம்பு கறுப்பு, முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் இது காட்டில் இல்லை. மற்ற இடங்களில் இதைப் பார்க்க, உயர்ந்த மழைக்காட்டு மரங்களின் உச்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நாள் முழுக்க நடக்க வேண்டும். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் ரோட்டோரத்திலேயே பார்த்துவிடலாம். அங்கே நூறு ஹெக்டேர்கூட இல்லாத ஒரு துண்டுக் காட்டுக்குள் இவை கூட்டம் கூட்டமாக வாழ்கின்றன. வெடிப்பலா, அத்தி, பலா, பூச்சி என்று கிடைத்ததைத் தின்று பிழைக்கின்றன.

ரோட்டில் பார்க்க முடிகிறதே என்று சந்தோஷப்படுகிறவர்களிடம், அவை ஏன் ரோட்டுக்கு இறங்குகின்றன என்பதையும் சொல்லிவிடுவேன். சோலைமந்தி மரத்திலேயே வாழப் பிறந்தது. துண்டுக் காட்டுக்குள் மரங்களுக்கு இடையே இடைவெளி விழுந்துவிட்டதால் தரையில் நடக்கப் பழகியிருக்கிறது. அதோடு கார்க்காரர்கள் சிப்ஸும் வாழைப்பழமும் நீட்டுகிறார்கள். வளைவில் வேகமாக வருகிற வண்டியில் அடிபட்டுச் சாகின்றன. இதற்காகவே ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள், காவலுக்கும் ஆட்கள் நிற்கிறார்கள். அந்தப் பாலத்தில் ஒரு தாய், வயிற்றில் குட்டி தொங்க, நிதானமாக நடந்து போவதைப் பார்த்தால் யாருக்கும் கையில் பிஸ்கட்டை எடுக்கத் தோன்றாது என்றே நினைக்கிறேன். வண்டியை ஓரமாக நிறுத்துங்கள், இன்ஜினை அணையுங்கள், கண்ணாடியை ஏற்றியே வையுங்கள். அவை மரத்திலேயே இருந்து தின்னட்டும். தானாகத் தின்னும்போதுதான் பார்க்க அவ்வளவு இருக்கிறது. காய்ந்த பட்டையைப் பிய்த்துப் பூச்சி தேடும், பழத்தைக் கன்னத்துப் பையில் அடைத்துக்கொண்டு இன்னொரு கிளைக்குப் போய் மெல்லும், பெரியது வந்தால் சின்னது விலகி இடம் விடும்.

வரையாடு பார்க்க மேலே வரைக்கும் வரவே வேண்டாம். ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவுப் பக்கம், கீழே ஆழியாறு அணை தெரிகிற பாறைச் சரிவில் மேயும். நம் மாநில விலங்கு இது. பாறையை ஒட்டி வளர்கிற புல்தான் அதன் தீனி, செங்குத்துப் பாறைதான் அதற்குப் பாதுகாப்பு. சிறுத்தை துரத்தினால் அது ஓடுவது பாறைக்குத்தான். காலையில் முதல் பஸ்ஸில் வந்தால் நல்லது. வெயில் ஏறிவிட்டால் நிழல் தேடிப் போய்விடும். நிறைய வரையாடுகளை ஒரே இடத்தில் பார்க்க ஆசையென்றால் மூணாறு பக்கத்து இரவிகுளம்தான். ஆனால் அவை குட்டி போடுகிற பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள், அதைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

இருவாச்சிக்கு ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம். பெண் பறவை பழைய பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஒரு சின்னப் பிளவு மட்டும் இருக்கும். ஆண் பறவை மாதக்கணக்கில் அத்திப்பழத்தைக் கொண்டுவந்து அந்தப் பிளவு வழியாக ஊட்டும். கூட்டுமரத்தைத் தேடிப் போகக் கூடாது. ஆள் நின்றால் ஆண் பறவை இறங்கவே இறங்காது, உள்ளே இருப்பவை பட்டினி. பழுத்த அத்தி மரம் ஒன்றைக் கண்டுபிடித்துத் தள்ளி உட்காருங்கள். இருவாச்சி மட்டுமா, மலையணில், பச்சைப்புறா, கருமந்தி எல்லாமே அங்கே வரும். ஒரே மரத்தடியில் ஒரு முழுக் காலையைக் கழிப்பது எனக்கு எந்த சஃபாரியையும் விடப் பெரிது.

யானை என்றால் எனக்கு இன்னொரு ஊரும் நினைவுக்கு வரும். அம்மாவின் குடும்பம் சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பி வந்தது. மாமா மட்டும் மாத்தளையிலேயே தங்கிவிட்டார். அவரைப் பார்க்கப் போனபோது மாமா மகன் எங்களைத் தம்புள்ளை, ஹபரணை வழியாக மின்னேரியாவுக்குக் கூட்டிப் போனான். மகாசேனன் என்ற மன்னன் மூன்றாம் நூற்றாண்டில் கட்டிய குளம் அது. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அந்தப் பக்கம் வறட்சி. குளத்துத் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க, வெளிப்பட்ட ஈரத்தரையில் இளம்புல் முளைக்கும். சுற்றுக் காடெல்லாம் காய்ந்து கிடக்கும்போது புல்லும் தண்ணீரும் சேர்ந்து கிடைக்கிற இடம் அது. மதியம் மூன்று மணிக்கு மேல் காட்டோரத்திலிருந்து கூட்டம் கூட்டமாக யானைகள் வெளியே வரும், நல்ல ஆண்டுகளில் இருநூறு, முந்நூறு வரை சேரும். முன்னங்காலால் புல்லை உதைத்து வேரோடு பெயர்த்து, துதிக்கையில் சுருட்டித் தொடையில் அடித்து மண்ணை உதறிவிட்டு வாயில் போட்டுக்கொள்ளும். ஆண் யானைகளிலும் பெரும்பாலானவற்றுக்குத் தந்தம் கிடையாது. எங்கள் ஊர்க் கொம்பனைப் பார்த்துப் பழகிய எனக்கு எது ஆண், எது பெண் என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு மொரகஹகந்த அணை வந்தது. அங்கிருந்து தண்ணீர் வந்து, வறட்சிக் காலத்திலும் மின்னேரியா நிரம்பி நின்றால் புல் முளைக்க இடமில்லை. சில ஆண்டுகள் அப்படித்தான் ஆகி, வருகிற யானைகள் குறைந்துபோயின. கீழே விவசாயிகளுக்குத் தண்ணீர் வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு திறப்பது என்று முடிவெடுக்கிறவர்கள் அந்தப் புல்லையும் கணக்கில் வைக்க வேண்டும் என்று மனதாரக் கேட்கிறேன். இலங்கை தூரம் என்றால் நமக்குப் பக்கத்தில் கர்நாடகத்தில் கபினி அணை இருக்கிறது. மார்ச் முதல் மே வரை அணைத் தண்ணீர் இறங்கும்போது நாகரஹொளே பக்கக் கரையில் அதே மாதிரி புல், அதே மாதிரி யானைகள்.

மனிதன் வைத்த சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலையில் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரையும் பால்கனிக்கு அழைத்தார்கள். கீழே விளக்கைப் போட்டார்கள். உப்பைக் கொட்டி வைத்திருந்த இடத்தில் இரண்டு காட்டுமாடுகள் நின்று நக்கிக்கொண்டிருந்தன. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு உட்காரப் பிடிக்காமல் உள்ளே வந்துவிட்டேன். அப்படி ஆளுக்குப் பழகிய மாடு, நாளைக்கு ஸ்கூல் போகிற பிள்ளையைப் பார்த்தும் விலகாது. விலை கொடுப்பது அந்த மலையில் குடியிருக்கிறவர்கள். இப்படி வரவழைத்துக் காட்டுகிற இடங்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

மலை ஏற முடியாதவர்களுக்கு, வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு, நான் சொல்வது கோடியக்கரை. வேதாரண்யத்தில் தங்கினால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், நடுவில் வறண்ட பசுமைமாறாக் காடும் புல்வெளியும். 1967இல் சரணாலயமாக அறிவித்தார்கள். வெளிமான் இங்கே திறந்த புல்வெளியில் நிற்கும். தூரத்து ஆபத்தைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிழைக்கிற மான் அது, அதனால் மறைவே அதற்குப் பிடிக்காது. பார்க்க வருகிற நமக்கு இதைவிட வசதி வேறில்லை. ஆண் மான் இளமையில் பழுப்பு, வயதாக ஆகக் கறுத்துக்கொண்டே வரும், அடிவயிறு மட்டும் வெள்ளை. முறுக்கிய கொம்பு ஆணுக்கு மட்டும். தலையைப் பின்னால் சாய்த்து, கொம்பு முதுகைத் தொட, தன் எல்லைக்குள் விறைப்பாக நடந்து காட்டுவதைப் பார்த்தால் சிரிப்பும் மரியாதையும் சேர்ந்தே வரும்.

அந்தப் புல்வெளியைச் சீமைக்கருவேலம் தின்றுகொண்டிருக்கிறது. அதன் இனிப்பான காயை மான்களும் அங்கே திரிகிற குதிரைகளும் தின்று, விதையைத் தாங்களே சாணத்தோடு பரப்புகின்றன. புதர் வளர்ந்தால் புல் போகும், புல் போனால் மானுக்கு அங்கே என்ன வேலை? வனத்துறை வெட்டி அகற்றுகிறது, அது மறுபடி முளைக்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் கரையில்தான் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, மான்கள் நிறையச் செத்தன. அதையும் தாண்டி மிச்சமிருக்கிற மான்கள் இவை.

காலை ஆறு, ஆறரைக்கு அங்கே இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் மான்கள் நிழலுக்கு ஒதுங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை பெய்து முடிந்த டிசம்பர், ஜனவரி என்றால் அதே நாளில் உப்பளப் பக்கம் பூநாரைகளையும் பார்த்துவிடலாம். ஆழமில்லாத தண்ணீரில் அலகைத் தலைகீழாக வைத்துச் சேற்றை வடிகட்டித் தின்றுகொண்டிருக்கும். மழை பொய்த்த ஆண்டில் அவை குறைவாகவே வரலாம், அதனால் கிளம்புவதற்கு முன் வேதாரண்யத்தில் யாரிடமாவது இந்த வருஷம் தண்ணீர் நிற்கிறதா என்று போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.