அக்கிக்கு ஊசி போட்டுக்கொண்ட கதை

மன்னார்குடியில் எங்கள் தெரு மெடிக்கலில் கேட்டதும், "அக்கிக்கா? களிம்பு இருக்கு சார்" என்று ஒரு டியூபை எடுத்து நீட்டினார் கடைக்காரர். அது வந்த பிறகு தடவுவது. நான் கேட்டது வராமல் தடுக்கும் ஷிங்ரிக்ஸ் ஊசி. இந்தியாவில் 2023-லிருந்து கிடைக்கிறது. ஒரு டோஸே பத்தாயிரத்துக்கு மேல் என்பதால் நம் ஊர்க் கடைகளில் வாங்கி வைப்பதில்லை. சொல்லிவைத்தால் தஞ்சாவூரிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள்.

இவ்வளவு செலவு எதற்கு என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. அண்ணன் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள். இடது விலாவில் பட்டையாகக் கொப்புளம் கிளம்பியதும் வழக்கம்போல மண்பானை செய்யும் வேளார் வீட்டுக்குப் போய்க் காவியால் அக்கி எழுதிக்கொண்டார். கொப்புளம் என்னவோ காய்ந்தது. சில வாரங்களில் அது தானாகவே காயக்கூடியதுதான். பேர் காவிக்குப் போய்விடுகிறது. வைரஸுக்கான மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். அந்த நேரம் எழுதுவதிலேயே போய்விட்டது. புண் ஆறி மாதக்கணக்கான பிறகும், "சட்டை பட்டாலே எரியுதுடா" என்று வெறும் துண்டோடு திண்ணையில் கிடந்தார்.

எனக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டர்தான் விவரம் சொன்னார். சின்ன வயதில் சின்னம்மை வந்திருந்தால் அந்தக் கிருமி உடம்பை விட்டுப் போகாதாம். நரம்பின் வேரில் பதுங்கியிருந்து, வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது அக்கியாகக் கிளம்பும். சர்க்கரை இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். நம் பக்கம் வேப்பிலைப் படுக்கையில் கிடக்காத ஐம்பது வயதுக்காரர் யார்? ஆய்வுகளில் இந்த ஊசி 90 சதவீதத்துக்கு மேல் தடுத்திருக்கிறது என்றார். சரி, போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன்.

தீபாவளிக்கு முந்தைய அடைமழை. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறைந்தும் போகக் கூடாது. அதனால் கடை ஃப்ரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் உண்டா என்று கேட்டேவிட்டேன். கடைக்காரருக்கு முகம் சுருங்கியது. பத்தாயிரம் ரூபாய் என்னுடையதாயிற்றே! வந்த அன்றே பெட்டியோடு கிளினிக்குக்குக் கொண்டுவரச் சொன்னேன்.

பெட்டிக்குள் இரண்டு குட்டிக் குப்பிகள். ஒன்றில் வெள்ளைப் பொடி, இன்னொன்றில் திரவம். நர்ஸம்மா திரவத்தை உறிஞ்சிப் பொடியில் விட்டு, கரையும்வரை மெதுவாகச் சுழற்றி, மேல்கையில் போட்டார். போட்டபோது ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி குளிர்காய்ச்சல். மறுநாள் கையைத் தூக்கிச் சட்டை மாட்ட முடியவில்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன், அப்புறம் தானாகச் சரியானது.

இரண்டாவது டோஸ் இரண்டிலிருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். தையில் சம்பா அறுவடை. அறுப்பு மிஷினுக்கு அலைகிற நேரத்தில் காய்ச்சலோடு படுக்க முடியுமா? நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு மாசியில் போய்ப் போட்டுக்கொண்டேன். இந்த முறை கைவலி மட்டும்தான்.

ஒருமுறை வந்தவர்களுக்கும் அக்கி திரும்ப வரலாம், அதனால் புண் ஆறியபின் அவர்களும் போட்டுக்கொள்ளலாமாம். அண்ணனிடம் சொன்னேன். "ரெண்டுக்கும் நீயே பணம் கட்டுறதா இருந்தா வரேன்" என்கிறார்.