பாப்பா கைக்கு ஒரு பிடி

ஜூன் 7, 2025, சனி

காலை பஸ்ஸில் பாண்டி போய் மாலை வந்தோம். கையில் பிஸ்டல் பெட்டி, தவளக்குப்பம் வரை நின்றுகொண்டே பயணம். மகளுக்கு என்று செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஏர் பிஸ்டல் இது. வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. பத்து மீட்டர் தூரம், 4.5 மில்லிமீட்டர் பெல்லட் குண்டு. இன்றும் பாதிக்கு மேல் இடப்பக்கம்தான் போனது, கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் திசையில்.

சுடப் பழகும் ரேஞ்சில் ஒருவர் "கை வளர்ந்தா சரியாப் போயிடும், பழகிக்கம்மா" என்றார். அவள் தலையாட்டிவிட்டு வந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பதினெட்டு வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட் பெரிதாக இருக்கிறது, நீ உடம்பு போட்டால் சரியாகிவிடும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையை மட்டுமே பார்த்தேன். பிடி வால்நட் மரம், விரல்களுக்குப் பள்ளம் வைத்துக் கடைந்தது, எம் சைஸ். அவள் ஆள்காட்டி விரலின் நுனி, நகத்தை ஒட்டின கொஞ்சூண்டு சதை, அதுதான் ட்ரிகரைத் தொடுகிறது. நடுச்சதை பட்டால் ட்ரிகரை நேராகப் பின்னால் இழுக்கலாம். நுனி மட்டும் பட்டால் இழுப்பதோடு பக்கவாட்டிலும் தள்ளும். வலது கைக்காரிக்கு அந்தத் தள்ளல் இடப்பக்கம் போகும். போட்டி விதிப்படி ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். அந்த அரைக் கிலோவை ஒரு பிள்ளை விரல் நுனியால் இழுக்கிறாள்.

ட்ரிகர் நாக்கைப் பின்னால் நகர்த்தலாமா என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கோச் சாரிடம் கேட்டேன். ஏற்கனவே கடைசி வரை தள்ளியாச்சாம். அப்படியானால் மிச்சம் இருப்பது மரம்தான்.

ஜூன் 8, ஞாயிறு

கடை லீவு. அளவு நோட்டில் அவள் கையை வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்தேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை 15.6 செ.மீ. கட்டைவிரல் நீங்கலாக உள்ளங்கை அகலம் 7 செ.மீ.

வெளிநாட்டிலிருந்து மிகச் சிறிய சைஸ் பிடி தனியாக வரவழைக்கலாம். விலை கேட்டேன், கடையின் நாலு மாத வாடகை. விட்டுவிட்டேன்.

பிஸ்டல் காலி என்று இரண்டு பேரும் பார்த்து, காற்று சிலிண்டரையும் கழற்றி வைத்த பிறகு ஒரு சோதனை செய்தோம். நீல மார்க்கிங் சாக்கைப் பொடி செய்து பிடி முழுக்கப் பூசினேன். அவள் வழக்கம்போல் பிடித்து, பத்து எண்ணி, விட்டாள். உள்ளங்கையைத் திருப்பினால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவில் உள்ள கவட்டையில் நீலம், மூன்று விரல் நுனிகளில் நீலம், அடியில் ஓரமாய் ஒரு கோடு. நடு உள்ளங்கை சுத்தமாக வெள்ளை. இத்தனை நாளாகக் கிட்டத்தட்ட ஒரு கிலோ இரும்பை ஐந்து இடத்தில் மட்டும் தொட்டு நிறுத்தியிருக்கிறாள்.

அப்புறம் சார் சொல்லிக் கொடுத்த சோதனை. கண்ணை மூடிக் கையைத் தூக்கி, நிலைக்கு வந்தபின் திறக்க வேண்டும். பிடி கைக்குப் பொருந்தினால் குழாய் நுனியில் இருக்கும் முன் குறிமுள் தானாகவே, கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் குறிப்பள்ளத்தின் நடுவில் நிற்கும். ஆறு முறை செய்தாள், ஆறு முறையும் முள் வலது ஓரத்தில் ஒட்டி நின்றது. ட்ரிகர் எட்டுவதற்காகக் கையையே பிடியைச் சுற்றி வலப்பக்கம் கொண்டுபோகிறாள், பிறகு மணிக்கட்டை இடப்பக்கம் மடக்கி நேர் செய்கிறாள். தோள் பெரிதான சட்டையைப் போட்டவர் ஒரு பக்கமாய் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வது போல.

போட்டியில் இதை 60 முறை, 75 நிமிடத்துக்குள் செய்ய வேண்டும். 2018-க்கு முன் பெண்களுக்கு 40 தான். இப்போது எல்லாருக்கும் 60.

ஜூன் 10, செவ்வாய்

முதுநகரில் ஆசாரி அண்ணன் பட்டறைக்குப் போனேன். பிடியை மட்டும் கழற்றி எடுத்துப் போனேன், பிஸ்டல் வீட்டு அலமாரியில் பூட்டில் இருக்கிறது. ஒரே ஒரு திருகுதான், எல்-கீயால் கழற்றலாம். இரும்பில், ட்ரிகரில், குழாயில் நாங்கள் கை வைக்கப் போவதில்லை என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டேன்.

அண்ணன் பிடியை முகர்ந்து பார்த்தார். "நல்ல மரம் தங்கச்சி, நார் நேரா ஓடுது. யாருக்கு?"

"பாப்பாவுக்கு அண்ணே. கை எட்டல."

"எங்க எடுக்கணும்?"

பின்பக்கம், கவட்டை உட்காரும் வளைவைக் காட்டினேன். அங்கே மரம் குறைந்தால் கை முன்னே போகும், விரல் ட்ரிகருக்கு நெருங்கும். அவர் உடனே அரத்தை எடுக்கவில்லை. பிடியின் உள்ளே பிஸ்டல் உடம்பு நுழையும் குழிக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு, நகத்தால் அடையாளம் வைத்து, வெளியே ஸ்கேலில் வைத்துப் பார்த்தார். சுவர் 9 மில்லிமீட்டர் இருந்தது. "நாலு எடுக்கலாம். அதுக்கு மேல எடுத்தா கீழ விழுந்தா விரியும். இன்னிக்கு ரெண்டு போதும். எடுத்தது திரும்ப வராதும்மா."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. தையல் இடம் விட்டு வெட்டு என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்களும் இதையேதான் சொன்னார்கள்.

அரை வட்ட அரத்தால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில் தள்ளினார். மரத்தூள் காபிப் பொடி நிறத்தில் விழுந்தது. பிறகு 80-ஆம் நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120. காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய உளிகளை அப்போதுதான் கவனித்தேன். ஒவ்வொன்றின் காம்பும் அவர் கட்டைவிரல் உட்காரும் இடத்தில் குழிந்திருந்தது. சிலது அவரே செதுக்கியது, சிலது முப்பது வருஷத் தேய்மானம்.

ஜூன் 12, வியாழன்

மீதி இரண்டு மில்லிமீட்டரை மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நானே எடுத்தேன். பத்துத் தேய்ப்பு, மாட்டிப் பார், மறுபடி பத்து. இரவு பதினொன்றரைக்கு விரலின் நடுச்சதை ட்ரிகரில் உட்கார்ந்தது. கண்ணை மூடித் திறந்தால் முள் நடுவில் நின்றது. "அம்மா, நடுவுல நிக்குதும்மா" என்றாள், குரலைத் தாழ்த்தி, சத்தம் போட்டால் நகர்ந்துவிடும் போல.

இன்னொரு குறையும் தெரிந்தது. விரலின் அடிப்பாகம் மரத்தில் உரசுகிறது. ட்ரிகரைத் தவிர வேறெதையும் அந்த விரல் தொடக்கூடாது, உரசினால் இழுக்கும்போது பிஸ்டலையே அசைக்கும். அந்தப் பக்கத்தில் ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி கிடைக்கும்வரை உப்புத்தாளைப் பேனாவில் சுற்றித் தேய்த்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

பாண்டி. ஒன்பது மணிப் பக்கம் போவது நின்றது. ஆனால் இப்போது மேலும் கீழுமாகச் சிதறுகிறது. கை முன்னே போனதால் விரல் பள்ளங்களும் உள்ளங்கையும் இன்னும் தளர்ந்துவிட்டன, பிடி கைக்குள் உருளுகிறது. எடுக்க வேண்டியது முடிந்தது, இனி சேர்க்க வேண்டும்.

திரும்பும் வழியில் இளவேனில் வாலறிவன் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடலூரில் பிறந்தவர், பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் டோக்கியோ, பாரிஸ் இரண்டு ஒலிம்பிக்கும் போனவர். பாரிஸில் மனு பாக்கர் இறுதிச் சுற்றில் 221.7 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கியது இவள் சுடும் ஏர் பிஸ்டலில்தான். அந்த எண் இவளுக்கு மனப்பாடம்.

ஜூன் 18, புதன்

எம்-சீல், அதாவது காய்ந்தால் இறுகும் ஒட்டுமாவு, பிசைந்து உள்ளங்கைப் பக்கம் வைத்தேன். காலையில் தோசை மாதிரி முழுசாய்ப் பெயர்ந்து வந்தது. மரத்தில் பழைய எண்ணெய் ஊறியிருந்ததைத் துடைக்காமல் வைத்தது என் தப்பு. அவள் அழவில்லை, நான்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். தின்னர் நனைத்த துணியால் மூன்று முறை துடைத்து, 80-ஆம் நம்பரால் மரத்தைச் சொரசொரப்பாக்கி, குறுக்கும் நெடுக்கும் கத்தியால் கீறல் போட்டேன். கையில் படாமல் இருக்க அவளுக்கு மெல்லிய பாலித்தீன் கையுறை, அதன்மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். உள்ளங்கைக்கு ஒரு நெல்லிக்காய் அளவு, விரல் பள்ளங்களுக்குச் சுண்டைக்காய் அளவு. வைத்து, சுடும் நிலையில் நின்று பிடிக்கச் சொன்னேன். உட்கார்ந்து பிடிக்கும் கை வேறு, நீட்டிப் பிடிக்கும் கை வேறு. ஜாக்கெட்டுக்குக் கையைத் தூக்கச் சொல்லி அக்குள் அளவு எடுப்பதும் அதனால்தான்.

இரண்டு நிமிடம் பிடித்து விட்டாள். ஓரங்களில் பிதுங்கியதை வழித்து எடுத்தேன். மறுபடி பிடித்தாள். நடு உள்ளங்கையின் ரேகைப் பள்ளம்கூட மங்கலாகப் பதிந்திருந்தது.

முழுசாய் இறுகும் முன் எனக்கு ஒன்று தோன்றியது. ஜூன் மாதக் கடலூர்ப் புழுக்கத்தில் வழவழப்பான பிடி வியர்வையில் வழுக்கும். துணியில் புள்ளிக்கோடு போடும் டிரேசிங் வீலை எடுத்து அதன்மேல் நெருக்கமாக உருட்டினேன். வரிசை வரிசையாய்ச் சின்னக் குழிகள். சாரிடம் போட்டோ காட்டினால் கடையில் வாங்கும் பிடியிலும் இப்படித்தான் குத்தியிருப்பார்கள் என்கிறார்.

ஜூன் 25, புதன்

மரம் தெரியும் இடங்களில் லின்சீடு ஆயில் (ஆளிவிதை எண்ணெய்). வார்னிஷ் வேண்டாம் என்று ஆசாரி அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

ஜூன் 29, ஞாயிறு

விதி பார்க்கும் நாள். பிஸ்டல் முழுசாக 42 செ.மீ. நீளம், 20 அகலம், 5 உயரம் உள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. எடையில் கவலையே இல்லை. புடவைப் பெட்டி அட்டையில் அந்த அளவுக்கு ஒரு பெட்டி செய்து உள்ளே வைத்தேன். மூடவில்லை. நான் சேர்த்த பூச்சு இரண்டு மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. தேய்த்தேன்.

இன்னொன்று சார் கண்டுபிடித்தது. உள்ளங்கையின் அடிப்பாகம் உட்காரும் தட்டில் நான் வைத்த பூச்சு ஓரத்தில் லேசாக மேல்நோக்கி வளைந்திருந்தது, கிண்ணம் மாதிரி. அவளுக்கு அது ரொம்ப வசதி. ஆனால் தட்டு பிடிக்கு 90 டிகிரிக்குக் குறையக்கூடாது, மேல்நோக்கி வளையவும் கூடாது, பிடி கையைச் சுற்றி வளைக்கவே கூடாது. வசதி என்பதற்காக விட முடியாது. தட்டையாக்கிவிட்டேன். கட்டைவிரல் தடையில்லாமல் மேலே எழும்புகிறதா என்றும் பார்த்துக்கொண்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

இன்று முழு 60. இலக்கின் நடுவில் பத்துப் புள்ளி தரும் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். சாதாரணச் சட்டைப் பட்டன் அதே அளவுதான், பையில் எப்போதும் ஒன்று இருக்கும். அதை வாசல் கம்பத்தில் வைத்துப் பத்து மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன். வெறும் புள்ளி.

போன மாதம் 600-க்கு 498. இன்று 527. கடைசிப் பத்தில் மட்டும் 91. எனக்கு எண்ணைவிட வேறொன்று பெரிதாகப் பட்டது. நாற்பதாவது ஷாட்டுக்குப் பிறகு எப்போதும் மணிக்கட்டை உதறுவாள். இன்று உதறவே இல்லை. முடிந்ததும் கையைத் திருப்பிக் காட்டினாள். கவட்டையில் வழக்கமாக இருக்கும் சிவப்புத் தழும்பு இல்லை. உள்ளங்கை முழுக்க டிரேசிங் வீலின் புள்ளிகள் மெல்லியதாய், சீராய்ப் பதிந்திருந்தன.

பஸ்ஸில் தூங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அளவு நோட்டில் அவள் கைப்படத்துக்குப் பக்கத்தில் தேதியும், எங்கே எத்தனை மில்லிமீட்டர் எடுத்தோம், எங்கே சேர்த்தோம் என்பதையும் எழுதிவைத்தேன். பதின்மூன்று வயது, கை வளரும். வளர்ந்தால் பூச்சைத் தேய்த்துக் குறைக்கலாம், அதற்கு இடம் விட்டிருக்கிறேன். அரைப் பரீட்சை லீவில் அடுத்த அளவு.

ஆசாரி அண்ணன் வீட்டுக்கு நாளை அரைப்படி அதிரசம் கொண்டுபோக வேண்டும்.