மலிவு எஸ்டிஆர் வாங்க முன்: மட்டக்களப்புக் கரையிலிருந்து சில குறிப்புகள்

எஸ்டிஆர் என்றால் கணினியில் செருகி, மென்பொருள் மூலம் வானொலி அலைகளைப் பிடிக்கும் ரிசீவர். இணையத்தில் ஆகக் குறைந்த விலைக்கு வரும் யூஎஸ்பி ரிவி ஸ்டிக்குகளில் பெரும்பாலும் ஆர்டிஎல்2832யூ சிப்தான் இருக்கும். ஆளை மாட்டிவிடுவது அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் சிப். ஆர்820டி2 இருந்தால் சுமார் 24 முதல் 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். எஃப்சி0012 என்றால் 950க்குக் கிட்ட நின்றுவிடும். விமானங்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏடிஎஸ்-பி சிக்னல் வருவது 1090இல். மேலால் எத்தனை விமானம் போனாலும் அந்த ஸ்டிக்குக்கு ஒன்றும் தெரியாது. பார்சல் வந்த கையோடு ஆர்டிஎல்_டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டிப் பாருங்கள், ட்யூனர் பெயர் முதல் சில வரிகளிலேயே வந்துவிடும்.

அடுத்தது, ஸ்டிக்கின் அலைவரிசைக்கு அளவுகோலாக இருக்கும் கிறிஸ்டல். அது 50 பிபிஎம் (பத்து லட்சத்தில் 50 பங்கு) விலகினால் 162 மெகாஹெர்ட்ஸில் 8 கிலோஹெர்ட்ஸ் தள்ளிப்போகும். கப்பல்கள் தம் இருப்பிடத்தை அறிவிக்கும் ஏஐஎஸ் சிக்னல் 161.975, 162.025 இரண்டிலும்தான் வருகிறது. இவ்வளவு தள்ளினால் டிகோட் ஆவது கஷ்டம். திருத்தி வைத்தாலும் தகரக் கூரைக்குக் கீழே மத்தியானச் சூட்டில் மறுபடி நகரும். ஆகவே 1 பிபிஎம் டிசிஎக்ஸ்ஓ (சூடு மாறினாலும் அதிகம் நகராத கிறிஸ்டல்) உள்ளதற்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். ஆர்டிஎல்-எஸ்டிஆர் பிளாக் வி3, வி4 இரண்டிலும் அது உண்டு. சிற்றலையும் கேட்க ஆசை என்றால் வி4; ஆனால் அதற்கென்று வந்த டிரைவரைப் போடாவிட்டால் சரியாக வேலை செய்யாது. வி3இன் பெயரில் போலிகள் தாராளம்.

விண்டோஸில் டிரைவர் மாற்றும் ஸாடிக் நிரலைத் திறந்து 'பல்க்-இன் இன்டர்ஃபேஸ் 0' என்பதைத் தெரிவுசெய்து வின்யூஎஸ்பி டிரைவரைப் போடவும். அவசரத்தில் மவுஸைத் தெரிவுசெய்தால் மவுஸ் செத்துப்போகும். லினக்ஸில் ரிவி டிரைவர் முந்திக்கொண்டு ஸ்டிக்கைப் பிடித்துவிடும். அந்த டிரைவரான டிவிபி_யூஎஸ்பி_ஆர்டிஎல்28எக்ஸ்எக்ஸ்யூவை பிளாக்லிஸ்ட் செய்யுங்கள் (தானாக ஏறாமல் தடுங்கள்).

118 முதல் 137 வரையான விமான அலைவரிசையில் பாட்டுக் கேட்கிறதா? எஃப்எம் நிலையம் ஒன்று ட்யூனரை நிரப்புகிறது. ஆட்டோ கெயினை (சிக்னலைத் தானாகப் பெருக்குவதை) நிறுத்தி 49.6 டிபியிலிருந்து படிப்படியாக இறக்கினால், முப்பதுக்குக் கிட்ட வரும்போது அநேகமாகப் பாட்டு மறையும். மறையாவிட்டால் எஃப்எம் அலைவரிசையை மட்டும் தடுக்கும் எஃப்எம் நாட்ச் ஃபில்டர் தேவை. மென்பொருளின் நீர்வீழ்ச்சிப் படத்தில் (சிக்னல்கள் நேரத்தோடு கீழிறங்கும் படம்) சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் நின்றால், வீட்டு மின்சாதனம் ஒன்றின் இரைச்சலாக இருக்கலாம்; எல்ஈடி மின்குமிழையும் போன் சார்ஜரையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். ஸ்டிக்கை மடிக்கணினியில் நேரே செருகாமல் இரண்டு மீற்றர் யூஎஸ்பி வயரில் தள்ளி வைப்பதும் உதவும்.

மிச்சக் காசு அன்ரெனாவுக்கு. 1090க்கு 6.9 சென்ரிமீற்றர் செம்புக் கம்பி ஒன்று நிமிர்ந்தும், அதே அளவில் நாலு கம்பி கீழே சரிந்தும் நின்றால் போதும். ஏஐஎஸ்ஸுக்கு 44 சென்ரிமீற்றர். ரிவிக்கு ஓடும் ஆர்ஜி-6 கேபிளே தாராளம், 75 ஓம் என்று பயப்பட வேண்டாம். கேபிளின் எஃப் கனெக்டரிலிருந்து எஸ்எம்ஏ கனெக்டருக்கு மாற்றும் அடாப்டர் ஒன்று மட்டும் வேண்டும்.

கல்லடி, காத்தான்குடி, ஒலுவில் பக்கம் உப்புக்காற்று வெளியே உள்ள கனெக்டரை விடாது. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் ரேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். மேலிருந்து சுற்றினால் மாரி மழை மடிப்புக்குள் இறங்கும். சிக்னல் நாளுக்கு நாள் குறைந்தால் ரிசீவரைச் சந்தேகிக்க முன் அந்த எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே பச்சைக் களிம்பு பிடித்திருக்கும்.