27 பிழைகள்

நமக்குப் போலிஷ் கற்பித்த ஆசிரியை, நாம் 'பானி' (அம்மணி) என்றே அழைத்தவர், தை மாதம் காலமானார் என்ற செய்தி வந்த இரவு, பெட்டியைக் கிளறி 1984ஆம் ஆண்டுத் திக்தாந்தோ (சொல்வதெழுதல்) கொப்பியை எடுத்தேன்.

போலந்தின் வூச் நகரில் நம் முதல் குளிர்காலம். லுமும்பா தெரு விடுதி, காலை டிராம், திங்கள்தோறும் திக்தாந்தோ. அன்று எனக்கு 27 பிழைகள். போலிஷில் 'உ' ஒலிக்கு இரண்டு எழுத்து, 'ஹ'வுக்கு இரண்டு வழி. நான் காதில் விழுந்தபடியே எழுதியிருந்தேன். தாளைப் பிடுங்கி ஒருவன் உரக்க வாசிக்க, வகுப்பே சிரித்தது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

மறுநாள் பானி ஒரு பழைய வெளியீட்டின் நகலோடு வந்தார். 1921 நவம்பரில் எதிர்காலவாதக் கவிஞர்கள் ஒரே ஒரு முறை அச்சிட்டது. 'நூஷ் வ் ப்ஷூஹூ', அதாவது வயிற்றில் கத்தி. தலைப்பில் மட்டுமே மூன்று எழுத்துப்பிழை. மூன்றும் என் பிழைகள்!

அந்தக் கவிஞர் குழுவில் முன்னின்ற புரூனோ யாசென்ஸ்கிக்கு அப்போது வயது 20. பேசுகிற ஒலிப்படியே எழுத வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் அறிக்கையே விட்டிருந்தார். 123 ஆண்டுகள் மூன்று பேரரசுகளிடம் பிரிந்து கிடந்த போலந்து 1918இல்தான் மீண்டது. மொழியை உயிராகக் காத்த சமூகத்தில் அதன் எழுத்திலேயே கைவைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று பானி சொன்னபோது, எனக்குத் தலை நிமிர்ந்தது. அப்புறம் ததேயுஷ் பைபர் 1922இல் கிராக்கோவில் தொடங்கிய 'ஸ்வ்ரொத்னீத்ஸா' இதழைப் பற்றிச் சொன்னார். ரயில் தடம் மாற்றும் கருவியின் பெயர் அது. கலகத்தைவிடக் கட்டுமானத்தை நம்பியவர் பைபர். பானிக்கு அவரைத்தான் பிடிக்கும். எனக்கு இன்றைக்கும் யாசென்ஸ்கிதான். 1938இல் சோவியத் நாட்டில் அவரைச் சுட்டுக் கொன்றதை வெகுகாலம் கழித்தே அறிந்தேன்.

"உங்கள் மொழியில் இந்தச் சிக்கல் உண்டா?" என்று பானி கேட்டார். 'வாழை' என்று எழுதிக் காட்டி, எங்கள் ஊர்ப் பேச்சில் அது 'வாளை' ஆகிவிடும் என்றேன். அவருக்கு அப்படியொரு மகிழ்ச்சி. வீட்டில் பேசுகிறபடியே ஒரு தமிழ்க் கவிதை எழுதித் தரச் சொன்னார். சோதனை முடியட்டும், பானி என்றேன்.

புரட்டாதியில் கடான்ஸ்க் போனேன். பிறகு ஜெர்மனி, பிறகு கனடா. கவிதை எழுதவே இல்லை. அவருக்கு ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம்.

கொப்பியின் கடைசிப் பக்கத்தில், என் 'வாழை'க்குக் கீழே, அவர் பென்சிலால் பார்த்தெழுதிய ழகரம் இருக்கிறது. வாலைக் கொஞ்சம் நீளமாகவே இழுத்திருக்கிறார்.