ரெண்டு சுத்து அடிம்மா

"அண்ணா, இன்னைக்கு நான் சும்மா உக்காந்து கேட்டுக்கட்டுமா?"

"ரெண்டு சுத்து அடிம்மா, சரியாப் போயிடும்."

கேட்டது ஒரு பிளஸ் டூ மாணவி, பதில் சொன்னது நான். அவ்வளவுதான் பேச்சு. அதில் தப்பாக என்ன சொல்லிவிட்டேன் என்றுதான் இன்னமும் யோசிக்கிறேன்.

தருமபுரியில் பிளஸ் டூ பிள்ளைகளின் பரீட்சைப் பதற்றம் தணிய வட்டமாக நின்று பறை அடிக்கிறோம். வேகம் நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை. நாலு எண்ணிக்கை மூச்சை இழுத்தபடி சும்மா நிற்க வேண்டும். ஆறு எண்ணிக்கை மூச்சை விட்டபடி மெதுவாக ஆறு அடி. ஒரு சுற்று 10 நொடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. மூச்சை விடும் நேரம் நீண்டால் இதயத் துடிப்பு நிதானப்படும் என்பதால் இந்தக் கணக்கு. அடிக்கும் ஆறைவிட அடிக்காத நாலுதான் கஷ்டம். ஒருவர் மூன்றிலேயே அடித்துவிடுவார், அடுத்தவர் துரத்துவார், கொஞ்ச நேரத்தில் மாரியம்மன் பண்டிகை அடியாகிவிடும். எண்ணிக்கைக்குத் தட்டும் சலங்கை கட்டிய ஒரு கால்தான் வேகத்தை இழுத்துப் பிடிக்கும்.

அன்று தூறல். மரச்சட்டத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி ஒட்டிய தோல் ஈரக்காற்றில் தொய்ந்துபோகும். வெளியிடமென்றால் தீயில் காய்ச்சலாம். பள்ளிக்கூடத்தில் மொட்டைமாடி வெயில்தான் கதி. அன்று அதுவும் இல்லை. தொய்ந்த தோல் 'பொத்'தென்று அடங்கும். சத்தம் வரலையே என்று கை ஓங்கும், தோள் ஏறும், மூச்சு தானாக நின்றுவிடும். பதற்றத்தோடு வந்தவருக்கு இதைவிடக் கெடுதல் இல்லை. அவள் கையில் இருந்தது அப்படியொரு பறை. மாற்றிக் கொடுத்திருக்கலாம்.

இரண்டாம் சுற்றில் இடது கைச் சுண்டுகுச்சி நழுவியது. விரல்களுக்கு நடுவே தளர நிற்க வேண்டிய குச்சி அது. வியர்த்த கையால் இறுக்கினால் வழுக்கும். விழுந்ததோ அடிக்காத அந்த நாலில். சிமெண்ட் தரையில் மூங்கில் உருண்ட சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது.

ஒருத்தர் பிசகினாலும் மற்றவர் அடி அதை மூடிவிடும், கூட்டாக அடிப்பதன் பலமே அது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். முதல் சுற்றில் நடுங்கும் கை மூன்றாவதில் நிதானமாவதைப் பலரிடம் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் அவள் கேட்டது யோசனை இல்லை, அனுமதி.

அடுத்த வாரமும் வந்தாள். "நல்லாத்தான் இருந்துச்சுண்ணா" என்றாள். எனக்காகச் சொன்னாளா?

இப்போது வட்டத்துக்குள்ளேயே ஒரு நாற்காலி போடுகிறோம்; அடிக்க வேண்டாதவர் உட்கார்ந்து தொடையில் எண்ணிக்கை தட்டலாம். இதுவரை யாரும் உட்காரவில்லை. போட்டு வைத்ததாலேயே கூச்சமோ என்னவோ. போன வாரம் அதன்மேல் யாரோ புத்தகப்பையை வைத்திருந்தார்கள்.