எம்.டி. எமர்ஜென்சி பிராக்டிகல்: செடேஷன் கேஸில் மருந்தின் பெயரைக் கடைசியில் சொல்லுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். நன்றாகத் தூங்கி எழுந்துதான் இதை எழுதுகிறேன். தியரிக்கு எல்லாரிடமும் நோட்ஸ் இருக்கிறது, அதைத் தொடப் போவதில்லை. பிராக்டிகலில் அனஸ்தீசியா, செடேஷன் (வலி தெரியாமல் சிகிச்சை செய்ய மருந்தால் அரைமயக்கத்தில் வைப்பது) பக்கம் மட்டும். நம் ஆட்கள் அதிகம் அடிவாங்குவது அங்கேதான்.

என்னைக் கரையேற்றியது ஒரே ஒரு பழக்கம். கேஸைக் கேட்டதும் மருந்தின் பெயரைச் சொல்லவே மாட்டேன். தோள்மூட்டு விலகி வந்திருக்கிறார், என்ன செய்வீர்கள் என்று கேட்பார்கள். "கேட்டமின் கொடுப்பேன்" என்று மயக்கமருந்தில் ஆரம்பித்தால் அடுத்த கேள்வி டோஸ், அதற்கடுத்து பக்கவிளைவு, அதற்கடுத்து லாரிங்கோஸ்பாசம் (குரல்வளை இறுகி மூச்சு அடைப்பது). பேச்சு உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

நான் எடையில் ஆரம்பித்தேன். எப்போது சாப்பிட்டார், முன்பு மயக்கமருந்து வாங்கியிருக்கிறாரா, வாய் எவ்வளவு திறக்கிறது, கழுத்து வளைகிறதா, தாடி இருக்கிறதா, ஆடும் பல் உண்டா. அப்புறம் ஆக்சிஜன், ஓடிக்கொண்டிருக்கும் சக்‌ஷன், முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்குடன் ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), கேப்னோ (வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கருவி). தோளை இழுப்பவர் ஒருவர், மூச்சைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதவர் இன்னொருவர். மூச்சு நின்றால் என்ன, மாஸ்க்கில் காற்று போகாவிட்டால் என்ன, யாரைக் கூப்பிடுவேன். இவ்வளவும் சொன்ன பிறகே கேட்டமின். அதற்குள் எக்ஸாமினர் தலையாட்ட ஆரம்பித்துவிட்டார், டோஸோடு விட்டுவிட்டார்.

இது என் சுபாவத்துக்குப் பொருந்தியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மெதுவாகப் பேசுகிறவன். படபடவென்று பேசுகிறவர்கள் இதை எழுதி வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பழகுங்கள். குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவே இல்லை. கண்ணாடிதான் ஒத்துவந்தது.

உண்மையில் இதைக் கற்றது கிருஷ்ணகிரி மாவட்டத்தில், டி.ஆர்.பி. (பி.ஜி. மாணவர்களை மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் திட்டம்) மூன்று மாதத்தில். அதற்கு முந்தைய அனஸ்தீசியா போஸ்டிங்கில் எங்களை ஆபரேஷன் தியேட்டர் மூலையில் நிறுத்தி ரெஜிஸ்டர் எழுத வைத்தார்கள். "உங்களுக்கு எதுக்குப்பா டியூப்?" (மூச்சுக்குழாயில் போடும் டியூப்) என்று கேட்டவரை இன்னும் மன்னிக்கவில்லை. டி.ஆர்.பி.யில் இருந்த அனஸ்தீசியா மேடம் வேறு மாதிரி. "தம்பி, மொதல்ல மாஸ்க் புடி. டியூப் அப்புறம்" என்பார். விரல் மரத்துப்போகும் வரை பிடிக்க வைப்பார். ஒரு கையில் கசிந்தால் ரோஷம் பார்க்காமல் இரு கையால் பிடித்து, பேகை அழுத்த சிஸ்டரைக் கூப்பிடச் சொல்வார். "சாச்சுரேஷன் நேத்து பேப்பர் தம்பி, கேப்னோதான் இன்னைக்கு பேப்பர்" என்பதும் அவர்தான். ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் சாச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு) சில நிமிடம் வரை இறங்காமல் இருக்கலாம். கேப்னோவில் அலை உடனே காணாமல் போகும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இதைக் கேட்காமல் விடுவதில்லை.

புத்தகத்தில் இல்லாத ஒன்று. மிதமான செடேஷனில் கூப்பிட்டால் பதில் வர வேண்டும். ஓசூர்ப் பக்கத்துப் பாட்டிக்குத் தெலுங்கோ கன்னடமோதான் தெரியும். தமிழில் கூப்பிட்டுவிட்டு, பதில் இல்லை, ஆழமாகப் போய்விட்டது என்று எழுதாதீர்கள். கண்ணைத் திற, மூச்சை இழு என்ற இரண்டையும் மூன்று மொழியிலும் தெரிந்து வைத்திருங்கள். கன்சென்ட்டுக்கும் உதவும்.

மீதி, சுருக்கமாக:

- கேட்டமின் மில்லிக்கு 10 மி.கி.யும் வருகிறது, 50 மி.கி.யும் வருகிறது. ஐந்து மடங்கு. லேபிளை வாய்விட்டுப் படியுங்கள், சிரிஞ்சில் மருந்தும் அடர்த்தியும் எழுதி ஒட்டுங்கள். கிலோவுக்கு 1 முதல் 1.5 மி.கி., ஒரு நிமிடமாவது எடுத்து மெதுவாக. வேகமாகத் தள்ளினால் மூச்சு நிற்கும்.
- மிடசோலம் (தூக்கமருந்து) கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்துக்குள் அடுத்த டோஸுக்குப் போகாதீர்கள்.
- பட்டினி: தெளிந்த நீர் 2, தாய்ப்பால் 4, லேசான உணவு 6, கனமான உணவு 8 மணி நேரம். காலையில் களி சாப்பிட்டுவிட்டு வந்தவரின் கை ரத்த ஓட்டமின்றி நீலம் பூத்திருந்தால்? பட்டினியை மட்டும் காரணம் காட்டித் தள்ளிப்போடாதே என்று அமெரிக்க எமர்ஜென்சி மருத்துவர் கல்லூரியின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. அதைச் சொல்லிவிட்டு, நெர்வ் பிளாக்கில் (அந்தப் பகுதி நரம்பை மட்டும் மரக்கச் செய்வதில்) முடியுமா என்று யோசிப்பதாகவும் சொல்லுங்கள்.
- ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து குடித்தவருக்கு இன்டுபேஷன் (மூச்சுக்குழாயில் டியூப் போடுவது): ஸ்கோலின் (சக்சினில்கோலின், தசைத்தளர்வு மருந்து) வேண்டாம். அதை உடைக்கும் என்சைமையே விஷம் முடக்கிவிடுவதால் தசைத்தளர்வு நீண்டுகொண்டே போகும். அதற்குப் பதில் ரோகுரோனியம்.
- தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து ஷாக்கில் (ரத்த அழுத்தம் விழுந்த நிலையில்) வந்தவர்: மயக்கமருந்தைக் குறையுங்கள், தசைத்தளர்வு மருந்தைக் குறைக்காதீர்கள். பலர் இரண்டையும் குறைத்துச் சொல்கிறார்கள்.
- லாரிங்கோஸ்பாசம்: தொந்தரவை நிறுத்து, தாடையைத் தூக்கு, மாஸ்க்கை இறுக்கி 100% ஆக்சிஜனை அழுத்தத்தோடு கொடு, ப்ரொப்பஃபால் (மயக்கமருந்து) கொஞ்சம், கடைசியில் ஸ்கோலின். வரிசை மாறக்கூடாது.
- பைக் ஓட்டி வந்தவரை செடேஷனுக்குப் பிறகு பைக் ஓட்டிப் போக விடாதீர்கள். யாரோடு போகிறார் என்று கேஸ் ஷீட்டில் எழுதுங்கள்.

ஏர்வே ஸ்டேஷனில் மேனிக்வினுக்குப் (பயிற்சி பொம்மைக்கு) பக்கத்தில் இருக்கும் லாரிங்கோஸ்கோப்பை (தொண்டைக்குள் பார்க்கும் விளக்குக் கருவியை) விரித்துப் பாருங்கள். எங்களுக்கு வைத்திருந்ததில் பல்பு எரியவில்லை. வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். "சார், வேறு பிளேட் வேண்டும்" என்றதும் அவர் மேஜைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.