ஓரக்குறிப்பில் ஒரு பெயரடை

பத்திரிகைப் பிரதிகளைச் செப்பனிடும் வேலையில், ஓரத்தில் நான் அடிக்கடி எழுதும் பெயரடை 'தேய்ந்த' என்பது. "தேய்ந்த தொடர், மாற்றவும்." எழுதியவரின் முகம் வாட இது போதும். அதனாலேயே இதை எங்கே எழுதலாம், எங்கே கூடாது என்று எனக்கு ஒரு வரையறை தேவைப்பட்டது.

பழையதெல்லாம் தேய்ந்ததல்ல. 'மழை பெய்தது' என்பதை யாரும் குறை சொல்வதில்லை. 'ஈடுசெய்ய முடியாத இழப்பு' அப்படியல்ல. அதை முதலில் எழுதியவர் உண்மையாகவே யாரையோ பறிகொடுத்துத் தவித்திருப்பார். இன்று எவர் பெயரோடும் அது ஒட்டிக்கொள்கிறது. வெள்ளம் என்றால் 'தீவுபோல் காட்சியளிக்கிறது', தேர்தல் என்றால் 'அனல் பறக்கும் பிரசாரம்'. நிருபர் களத்துக்குப் போகும் முன்பே வாக்கியம் தயாராகிவிடுகிறது. ஆளின் பெயரையோ ஊரின் பெயரையோ மாற்றிப் படித்துப் பார்ப்பேன். வாக்கியம் அசையாமல் நின்றால் அது தேய்ந்ததுதான்.

ஆனால் பிறரைப் பின்பற்றிய எழுத்தின்மேல் இதே சொல்லை வீசுவது அநியாயம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வழிநூலை இழிவாகப் பேசவில்லை. முன்னோர் நூலின் முடிவை ஏற்றுக்கொண்டு, 'பின்னோன் வேண்டும் விகற்பங் கூறி' அமைவது என்கிறது. அந்த விகற்பம், அதாவது பின்னால் வந்தவன் சேர்த்த வேறுபாடு, இருக்கிறதா என்றுதான் நான் தேடுகிறேன். கட்டமைப்பு இரவலாக இருக்கலாம்; கண் இரவலாக இருக்கக் கூடாது.

ஓர் ஆசிரியரின் மறைவுச் செய்தி 'ஈடுசெய்ய முடியாத' என்று தொடங்கி வந்தது. அந்த வீட்டில் என்ன பார்த்தீர்கள் என்று இளம் நிருபரிடம் கேட்டேன். மாணவர்களின் பழைய விடைத்தாள்களை அவர் பீரோவில் அடுக்கி வைத்திருந்தார் என்றார். அதுவே முதல் வரியானது. நிருபருக்கு அது முன்பே தெரிந்திருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. தேய்ந்த தொடர் அவரை யோசிக்கவிடாமல் தடுத்திருந்தது.

புயல் எச்சரிக்கையிலும் மருந்தின் அளவிலும் நான் கை வைப்பதில்லை. அங்கே அதே சொல் அதே இடத்தில் வந்தால்தான் படிப்பவருக்குப் பாதுகாப்பு.

முழுக் கட்டுரைக்கும் இந்தப் பெயரடையை நான் சூட்டுவதில்லை. எழுதிய ஆளுக்கு ஒருபோதும் இல்லை. குறிப்பிட்ட தொடரின் அடியில் கோடிட்டு, பக்கத்தில் ஒரு கேள்வியும் எழுதிவிடுகிறேன். கேள்விக்குப் பதில் வந்தபின் அந்தத் தொடரை எழுதியவரே அடித்துவிடுகிறார்.